இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் எதைக் கற்பிப்பது?

கேள்வி
எழுதியவர்: பாளை மனையியல்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நான் பணிக்குச் சேர்ந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பாட்டு, கதை, வண்ணம் தீட்டுதல் என்று நாள் போவதே தெரியாது. இங்கே பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைக்குட்டிக்கு எட்டு மாதம். மூத்தவனுக்கு இரண்டரை வயது. கவனித்துக்கொள்ள நானும் இன்னொரு பெண்ணும் இருக்கிறோம். சமையலுக்கும் துப்புரவுக்கும் ஓர் அக்கா வருகிறார். தாய்மார்கள் வங்கியிலும் மருத்துவமனையிலும் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள். காலை ஒன்பது மணிக்கு விட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் வந்து எடுத்துப்போவார்கள்.

பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று சேர்ந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. அவளுக்கு ஒரு கிலுகிலுப்பையைக் காட்டிப் பராக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தாய் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினால் பதினொரு மணி வரை ஓயாது. தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும், அழுது அழுது தானே பழகிக்கொள்ளட்டும் என்பது காப்பகம் நடத்துபவரின் கட்டளை. அவர் கெட்டவர் அல்லர். பத்தாண்டு அனுபவத்தில் அப்படிச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது, பெற்றோர் நாள்தோறும் கேட்கும் கேள்வி: “இன்று என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?” அதற்காகவே காலை பத்து முதல் பத்தரை வரை எழுத்தட்டையும் வண்ண அட்டையும் காட்ட வேண்டும் என்று கால அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை அட்டையை வாங்கிக் கடிக்கிறது. அதற்கும் இளையவை தவழ்ந்து போய்விடுகின்றன. அந்த அரை மணி நேரம் போக, ஊட்டுவதிலும் கழுவுவதிலும் துணி மாற்றுவதிலும் தூங்க வைப்பதிலுமே என் நாள் முழுவதும் கழிகிறது. “ஏட்டி, பிள்ளைக்குக் கால் கழுவி விடவா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனோம்?” என்று என் ஆச்சியே கேட்டுவிட்டார். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது எப்போது, எப்படி நடக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: சேரன்மகாதேவி அங்கன்வாடி (ஓய்வு)

மகளே, நான் 31 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் உனக்கு விடை சொல்ல எனக்குப் பாதித் தகுதிதான் உண்டு. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் மையத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற பிள்ளை இரண்டு வயது முடிந்த பிள்ளைதான். அதற்கும் இளைய பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, வீடு தேடிச் சென்று தாயிடம் பேசுவது என்ற அளவோடு எங்கள் வேலை நின்றுவிடும். ஆகவே கைக்குழந்தைகளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்து பார்த்ததுதான்.

எங்கள் பக்கத்தில் அந்தத் தார்சாக்களில் பெரும்பாலும் பீடி சுற்றும் பெண்கள் இருப்பார்கள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், ஓர் எட்டுத் தள்ளிக் கோரைப்பாயில் பிள்ளை. (புகையிலைத் தூள் பறக்கிற இடத்தில் பிள்ளையைக் கிடத்தாதே என்று நான் சண்டை போடாத நாளில்லை, அது தனிக்கதை.) அன்றைய கணக்கு முடிய வேண்டும் என்பதால் கை ஒழியாது, வாய் மட்டும் ஒழிந்திருக்கும். அப்படி ஒரு தாய் இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “என்ன, எறும்பைப் பார்க்கியா? அது எங்க போவுது? அரிசிப் பானைக்கா போவுது?” என்று கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவார். ஏழு மாதப் பிள்ளை “ங்கா” என்று ஏதோ சொல்லும். “ஆமா, அங்கதான் போவுது” என்பார். அந்த ஒரு நொடி நிறுத்தத்தைக் கவனி. பிள்ளையின் முறை வரும்வரை காத்திருந்து, அது என்ன ஒலி எழுப்பினாலும் அதை விடையாக ஏற்றுக்கொள்வதுதான் பேச்சு கற்பிக்கும் முறை. அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். மூக்குத் துடைப்பதையே எடுத்துக்கொள். நம்மில் பெரும்பாலோர் பின்னாலிருந்து வந்து ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிறோம். பிள்ளை தலையை வெட்டிக்கொண்டு அலறுகிறது. முன்னால் போய் அதன் உயரத்துக்குக் குனிந்து, துணியைக் கண்ணுக்குக் காட்டி, “மூக்கு ஒழுகுது, துடைச்சு விடட்டுமா” என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணும் நேரம் பொறு. முதல் வாரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள் அதுவே முகத்தை நீட்டும். துணி மாற்றும்போதும் அப்படித்தான்: “கால் தூக்கு” என்று சொல்லிவிட்டுத் தூக்க இடம் கொடு. ஹங்கேரி நாட்டு மருத்துவர் எம்மி பிக்லர், போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் புடாபெஸ்ட் நகரில் பெற்றோர் இல்லாத சிசுக்களுக்கான ஓர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே செவிலியர் குளிப்பாட்டுவதையும் உடை மாற்றுவதையும் ஊட்டுவதையும் அவசரப்படாமல், சொல்லிச் சொல்லி, பிள்ளையின் ஒத்துழைப்போடு செய்ய வேண்டும் என்பதையே அவர் முதல் விதியாக வைத்தார். இதை ஒரு பயிற்சியில் கேட்டபோது எனக்குத் தார்சாப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உன் ஆச்சியிடம் இதைச் சொல்: கால் கழுவி விடும் அந்த ஐந்து நிமிடம்தான் உன் வகுப்பு நேரம், ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அப்படி ஏழெட்டு வகுப்பு நடக்கிறது.

அழும் பிள்ளைக்கு ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். தாய் கண்ணை மறைத்து ஓடுவதை முதலில் நிறுத்து. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, வேற்றுமுகம் கண்டு அழுவதும் தாயைப் பிரிய மறுப்பதும் வளர்ச்சியின் அடையாளம். தாய் என்பவள் தனி ஆள், அவள் இல்லாமலும் போகக்கூடும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில் சொல்லாமல் மறைந்தால், கிலுகிலுப்பையைக் கண்டாலே அம்மா போய்விடுவாள் என்ற பாடத்தைத்தான் நாம் கற்பிக்கிறோம். தாய் மூன்று நாலு நாள் வந்து கூடவே உட்காரட்டும். பிறகு சொல்லிவிட்டு, ஒரே மாதிரி கையசைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போகட்டும். கட்டிப் பழகிய நூல் சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல். அந்த வாடை பிள்ளைக்குப் போதும். தூக்கினால் கைப்பழக்கம் என்பதை நான் ஏற்கவில்லை. பத்து மாதப் பிள்ளை ஆள் தேடி அழும்போது தூக்கினால், தேடினால் ஆள் வரும் என்று அது தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவளை நாள்தோறும் வாங்குவது ஒரே ஆளாக இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் பதினொரு பிள்ளைகளையும் சேர்ந்து பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு ஆளுக்கு ஐந்து, ஆறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உன் பிள்ளைகளுக்கு ஊட்டுவது, மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் நீ. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் பிரித்துக்கொள்வது நமக்கு இன்னும் கட்டாயமாகிறது.

அட்டைகளுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். ஓர் ஓலைக்கொட்டானை எடுத்து, அதில் மரக்கரண்டி, நன்றாகத் தேய்த்த சிரட்டை, எவர்சில்வர் தம்ளர், தேங்காய் நார்ப் பிரஷ், கெட்டித் துணிமுடிச்சு என்று பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவில் பத்துப் பன்னிரண்டு பொருள்களைப் போட்டு, உட்காரத் தெரிந்த பிள்ளைகளுக்கு நடுவில் வை. பக்கத்தில் உட்கார்ந்திரு, எடுத்துக் கொடுக்காதே, பெயர் சொல்லிப் படுத்தாதே. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற ஆங்கிலேய அம்மையார் இதைப் புதையல் கூடை என்று பெயரிட்டுப் பரப்பினார். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். அந்தக் குட்டி அடுப்பும் உழக்கும் தொண்டைக்குள் போகிற அளவு.

மறுமொழி
எழுதியவர்: குழந்தைகள் பிரிவுச் செவிலி

மேலே அம்மா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் சொல்ல வருவது அந்த “வகுப்புகள்” பாதுகாப்பாக நடப்பதைப் பற்றி.

தூக்கம் முதலில். ஒரு வயது வரை எல்லாக் குழந்தைகளையும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்; தட்டையான கெட்டியான விரிப்பு, தலையணை கூடாது, முகத்தருகே துணிக்குவியல் கூடாது. அம்மா சொன்ன நூல் சேலையையும் விழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். தொட்டில் நம் ஊரின் உயிர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சேலைத் தொட்டிலில் பிள்ளையின் உடல் வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைப்படலாம். ஒரு வீட்டில் ஒரு தாய், ஒரு பிள்ளை என்றால் கண் அதன்மேலேயே இருக்கும். நான்கு தொட்டிலைக் கட்டிவிட்டு ஐந்தாவது பிள்ளைக்கு ஊட்டப் போகிற காப்பகத்தில் அது முடியாது. ஆட்டித் தூங்க வைத்தாலும் தூங்கியபின் பாயில் மாற்றுங்கள்.

பிழிந்தெடுத்த தாய்ப்பால் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் நான்கு மணி நேரம் தாங்கும். குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரை. சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டையில் எந்த அறையும் 25 டிகிரியில் இருப்பதில்லை. ஆகவே வீட்டிலிருந்து பனிக்கட்டியோடு வந்து நேரே குளிர்ப்பெட்டிக்குள் போக வேண்டும். டப்பாவில் பெயரும் தேதியும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். சுடுநீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள். குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். புட்டிப்பால் வேண்டாம் என்று முகம் திருப்பும் பிள்ளைகளுக்கு நம் பழைய பாலாடையே (பால் ஊட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) நல்லது. கழுவிக் கொதிக்கவைப்பது எளிது. ஆனால் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அது உறிஞ்சி விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். படுக்கவைத்து வாயில் ஊற்றும் வழக்கத்தால் புரையேறி எங்கள் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் உண்டு.

பெற்றோர் பையில் வைத்து அனுப்பும் தேன், கிரைப்வாட்டர், உரைமருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு கைக்குழந்தையின் தசைகளைத் தளர்த்திவிடும். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று நம் ஆச்சிமார் சொல்வார்கள். கையில் கட்டியிருந்தால் கட்டியிருக்கட்டும், ஆனால் அந்த மணியைப் பிள்ளை கடித்து விழுங்காமல் பாருங்கள். நுங்குக் காலத்தில் ஒரு எச்சரிக்கை: முழு நுங்கு வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைத்துவிடும், மசித்துத்தான் கொடுக்க வேண்டும். முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் அப்படித்தான். குளியலறை வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் கவிழ்த்துவிடுங்கள். தலை கனத்த பிள்ளை எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தால் தானாக எழ முடியாது.

உட்கார வைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் வாக்கர் உங்கள் காப்பகத்தில் இருந்தால் பரணில் போட்டுவிடுங்கள். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. படியில் உருட்டித்தான் விடுகிறது. தானாக எழுந்து நிற்கும் பிள்ளைக்கு மரத்தச்சர் செய்த நடைவண்டி போதும். பிள்ளை தள்ளினால்தான் அது நகரும்.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஸ்ரீவைகுண்டம்

எனக்கு இத்துறையில் பயிற்சி இல்லை. பேரன் மூலமாகக் கிடைத்த அறிவுதான். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை நாற்பதாண்டு நடத்தியிருக்கிறேன். செங்கீரை என்பது கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது, சப்பாணி என்பது கைகொட்டுவது, வாரானை என்பது தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டபோது அவை உயிருள்ள ஒரு குழந்தையின் மாதக்கணக்கு என்பது எனக்கே உறைக்கவில்லை. சப்பாணி கொட்டுகிற வயதில் நம் புலவர்கள் பிள்ளையிடம் கைகொட்டு என்றுதான் கேட்டார்கள். எண் சொல் என்று கேட்கவில்லை. தங்கள் கால அட்டவணையை ஒட்டியவருக்கு இதைத் தாராளமாகக் காட்டலாம்.

சொல்ல வந்தது வேறு. என் பேரனுக்கு இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு வரவில்லை. எங்கள் ஊர் குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயது வரை ஊமையாக இருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் பாடினார் என்பது வரலாறு. ஆகவே தெருவில் யாரைக் கேட்டாலும், “குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினார், பிள்ளை பேசுவான்” என்பார்கள். நானும் அப்படியே சொல்லி ஏழு மாதங்களை வீணாக்கினேன். கடைசியில், கதவு சாத்தும் ஓசைக்கு அவன் திரும்புவதில்லை என்பதைக் கவனித்து எங்களிடம் சொன்னவர் அவனைப் பகலில் பார்த்துக்கொண்ட காப்பகப் பெண்மணிதான். சோதித்தபோது இரு செவிகளிலும் நடுக்காதில் நீர் கோத்திருந்தது. சிகிச்சைக்குப் பின் இப்போது வாய் மூடுவதில்லை. பத்துப் பிள்ளைகளை அருகருகே பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். வீட்டில் ஒற்றைப் பிள்ளையைப் பார்க்கும் எங்களுக்குத் தெரியாது. தாங்கள் எதையாவது கவனித்தால் தயங்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி நூறாண்டுக்கு மேலாக நடக்கும் பாளையங்கோட்டையிலேயே இன்னமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுமொழி
எழுதியவர்: வங்கி வேலை அம்மா

“இன்று என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்” என்று கேட்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. ஆகவே எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பேறுகால விடுப்பு 26 வாரங்கள். அது முடிந்து ஏழாவது மாதத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள், மாலையில் வந்து பையை வாங்கும்போது ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று அதைக் கேட்கிறாள். எனக்கு ஏ, பி, சி முக்கியமல்ல. ஒன்பது மணி நேரம் என் பிள்ளை என்ன செய்தான் என்று தெரியாததுதான் வலி. “நல்லா சாப்பிட்டான், நல்லா தூங்கினான்” என்ற விடை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

ஒருநாள் அங்கே இருந்த அக்கா, “இன்னைக்கு உங்க பையன் ஒரு டப்பா மூடியை இருபது தடவை திறந்து மூடினான், கடைசித் தடவை திருகணும்னு கண்டுபிடிச்சிட்டான், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சான்” என்றார். அன்று இரவு என் கணவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கால அட்டவணையைக் கிழிக்க வேண்டுமானால், அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு வரி இப்படிச் சொல்லுங்கள். எந்தப் பெற்றோரும் அட்டையைக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஒரே ஆள் என்ற யோசனையில் எனக்கு ஐயம் உண்டு. என் பிள்ளை ஒட்டிக்கொண்ட அந்த அக்கா ஐந்தாம் மாதம், சம்பளம் போதவில்லை என்று நின்றுவிட்டார். அவன் மறுபடி முதல் நாள் போல அழுதான். ஒட்டவே விடாமல் இருந்திருந்தால் தேவலையோ என்றுகூட நினைத்தேன்.

மறுமொழி
எழுதியவர்: சேரன்மகாதேவி அங்கன்வாடி (ஓய்வு)

வங்கி வேலை அம்மா சொல்வது நியாயமான வருத்தம். அதற்காக ஒட்டவிடாமல் வளர்ப்பது சரியாகாது. எவரிடமும் ஒட்டாத பிள்ளை அழாது, ஆனால் விளையாடவும் செய்யாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் ஆள் ஒருவர், இரண்டாம் ஆள் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் விடுப்பெடுத்தாலும் வேலையை விட்டாலும் மற்றவர் கை பழகியதாக இருக்கும். வேலையை விடுகிறவர் கடைசி வாரம் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். புரியாது என்று நினைக்கக் கூடாது. சம்பளத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? 31 ஆண்டும் மதிப்பூதியத்தில் கழித்தவள் நான்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பாளை மனையியல்

எல்லாருக்கும் நன்றி. எழுதி மூன்று வாரங்கள் ஆகின்றன. நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா? பிள்ளைகளைப் பிரித்துக்கொள்ள, காப்பகம் நடத்துபவர் சம்மதித்துவிட்டார். எனக்கு ஆறு, மற்றவருக்கு ஐந்து. வாக்கர் இரண்டும் பரணுக்குப் போய்விட்டன. தொட்டிலை மட்டும் கழற்ற விடவில்லை. தூங்கியபின் பாயில் மாற்றலாம் என்பதோடு அந்தப் பேச்சு நிற்கிறது. எழுத்தட்டை நேரமும் போகவில்லை, பத்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது. வங்கி வேலை அம்மா சொன்னபடி மாலையில் ஆளுக்கொரு வரி சொல்லத் தொடங்கியபின் இரண்டு தாய்மார் பை வாங்கும் இடத்தில் உட்கார்ந்தே விடுகிறார்கள்.

பத்து மாதக் குழந்தையின் தாய் நான்கு நாள் விடுப்பெடுக்க முடியவில்லை. மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தார். சொல்லிவிட்டுப் போனபோது முதலிரண்டு நாள் அழுகை முன்னைவிடக் கூடியது, எனக்கே பயமாகிவிட்டது. இப்போது பத்து நிமிடத்தில் அடங்குகிறது. அதற்குப் பதில் நான் மதியம் சாப்பிட எழுந்தால் அழுகிறாள். மூக்குத் துடைக்கும் விஷயத்தில் அவள் இன்னும் தலையை வெட்டுகிறாள். இன்னொருவன், ஒன்றேகால் வயது, நேற்று முகத்தை நீட்டினான்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஜூன் மாதம் புதிதாக மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், மூவரும் ஒரு வயதுக்குள். ஒரே நாளில் சேர்த்தால் கணக்குக்கு வசதி என்கிறார்கள். எப்படிச் சேர்ப்பது?

மறுமொழி
எழுதியவர்: சேரன்மகாதேவி அங்கன்வாடி (ஓய்வு)

வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு மேல் வேண்டாம் மகளே. அதிலும் திங்கட்கிழமை வேண்டாம். சனி ஞாயிறு தாயோடு இருந்துவிட்டு வரும் பழைய பிள்ளைகளே அன்று கலங்கிப்போயிருக்கும். செவ்வாய் சிலர் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே புதன். மூன்றும் உன் பங்குக்கே வராமல் பார்த்துக்கொள். அந்தப் பத்து மாதக்காரி நீ சாப்பிட எழும்போது அழுகிறாள் என்றாயே, எழுவதற்கு முன் அவளிடம் “சாப்பிட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து பார்.